சிஸ்டம்டி, டினிட், எஸ்6: நம் தவறை எது எப்போது சொல்கிறது?

லினக்ஸ் கணினி துவங்கும்போது கர்னல் (இயங்குதளத்தின் உட்கரு) முதலில் எழுப்பிவிடும் புரோசஸின் (ஓடும் நிரலின்) எண் 1. எந்தச் சேவையை எந்த வரிசையில் தொடங்குவது, விழுந்ததை எத்தனை முறை எழுப்புவது, நிறுத்தச் சொன்ன பிறகு எவ்வளவு நேரம் பொறுப்பது என்பவற்றையெல்லாம் அதுவோ அதன்கீழ் இயங்கும் சேவை மேலாளரோ பார்த்துக்கொள்கிறது. 2010-இல் லென்னார்ட் பாட்டரிங், கே சீவர்ஸ் இருவரும் தொடங்கிய சிஸ்டம்டி இவ்விரு வேலையையும் செய்வது; 2011-இல் ஃபெடோரா 15, 2015-இல் டெபியன் 8 ஆகிய லினக்ஸ் வினியோகங்களில் இயல்பான தேர்வாக அமர்ந்தது. அதற்கு மாற்றாக இன்று தீவிரமாகப் பேசத்தக்கவை இரண்டு: சிமேரா லினக்ஸ் வினியோகம் பயன்படுத்தும், டேவின் மெக்கால் சி++ மொழியில் எழுதிவரும் டினிட் ஒன்று; லாரன்ட் பெர்கோ எழுதிய எஸ்6, அதன்மேல் அமர்ந்து சேவைகளின் சார்புகளைக் கவனிக்கும் எஸ்6-ஆர்சியோடு சேர்த்து மற்றொன்று. இவற்றை ஒப்பிடுவோர் பெரும்பாலும் துவக்க வேகத்தை அளக்கிறார்கள். மாதத்துக்கு ஒருமுறை மறுதுவக்கம் காணும் சர்வரில் இரண்டு விநாடி மிச்சமாவதால் யாருக்கும் பெரிய பயனில்லை. அமைப்புக் கோப்பில் நான் செய்த தவறு எனக்கு எந்தக் கட்டத்தில் தெரியவருகிறது என்பதே என் அளவுகோல்.

எளிய தவறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். செயலி தரவுத்தளத்துக்குப் பின் தொடங்க வேண்டும் என்று ஒரு கோப்பிலும், தரவுத்தளம் காப்புப்பிரதி இணைப்புக்குப் பின் என்று இன்னொன்றிலும், அந்த இணைப்பு செயலிக்குப் பின் என்று மூன்றாவதிலும் எழுதிவிட்டால் சார்புகள் வட்டமாகிவிடுகின்றன. எஸ்6-ஆர்சியில் சேவைக் கோப்புகளை முதலில் தொகுத்து ஒரு தரவுத்தொகுதியாக மாற்ற வேண்டும் என்பதால், அந்தத் தொகுப்பே தோற்றுவிடுகிறது. புதிய தொகுதி உருவாகாது. ஓடிக்கொண்டிருக்கும் பழைய தொகுதி அப்படியே தொடரும். டினிட் அந்தச் சேவையை ஏற்றும்போது வட்டத்தைக் கண்டு ஏற்க மறுக்கிறது. அதற்கு முன்பே, டினிட்செக் என்ற துணைக்கட்டளையை ஓட்டினால் மறுதுவக்கம் இல்லாமலேயே குறை தெரிந்துவிடும். துவக்கச் சேவையே எழ முடியாமல் போனாலும், மறுதுவக்கமா, மீட்புச் சேவையா, துவக்கத்தை மீண்டும் முயல்வதா, அணைப்பதா என்று திரையில் கேட்டு நிற்கும்.

சிஸ்டம்டி இதில் வேறு வழியில் செல்கிறது. வட்டத்தைக் கண்டதும், கட்டாயச் சார்பாக இல்லாத பணி ஒன்றைத் தேர்ந்து, அதை வரிசையிலிருந்து நீக்கிவிட்டு மேலே போகிறது. அப்படி நீக்கத்தக்கது எதுவும் இல்லாதபோதுதான் முழுக் கோரிக்கையையும் நிராகரிக்கிறது. இயந்திரம் எழுந்துவிடுகிறது, உள்நுழையவும் முடிகிறது, ஆனால் ஒரு சேவை மட்டும் தொடங்கப்படாமலே கிடக்கிறது. காரணம் சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலில் ஓரிரு வரிகளாக எங்கோ இருக்கும். தொலைவில் உள்ள சர்வர் முழுதும் எழாமல் போவதைவிட இது மேல் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆயினும் காலையில் எல்லாம் பச்சையாகத் தெரிய, காப்புப்பிரதி மட்டும் மூன்று நாளாக ஓடவில்லை என்பதை நான்காம் நாள் கண்டுபிடித்தவன் என்ற முறையில், என் மனம் எஸ்6-ஆர்சியின் கண்டிப்பையே விரும்புகிறது. யூனிட் கோப்புகள் எனப்படும் சேவை அமைப்புக் கோப்புகளைச் சரிபார்க்கும் கட்டளை சிஸ்டம்டியின் அனலைஸ் கருவியிலும் இருக்கிறது. அதை ஓட்டியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் பலர் ஓட்டுவதில்லை.

விழுந்த சேவையை எழுப்பும் முறையிலும் இயல்பான அளவுகள் பெரிதும் வேறுபடுகின்றன. மறுதொடக்கம் கோரப்பட்ட சேவையைச் சிஸ்டம்டி 100 மில்லி விநாடி இடைவெளியில் எழுப்புகிறது. 10 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் என்றால் கைவிட்டுவிடுகிறது. தரவுத்தளம் தயாராக மூன்று விநாடி ஆகும் ஓர் இயந்திரத்தில், இணைப்புக் கிடைக்காததும் உடனே சாகும் செயலி ஒரு விநாடிக்குள் ஐந்து வாய்ப்பையும் தின்றுவிட்டு நிரந்தரமாகப் படுத்துக்கொள்ளும். 2023-இல் வந்த 254-ஆம் பதிப்பு, இடைவெளியைப் படிப்படியாக நீட்டும் வசதியைச் சேர்த்தது. அதையும் நாமே எழுதினால்தான் உண்டு. டினிட்டிலும் இயல்பான வரம்பு 10 விநாடிக்கு 3 முறை என்பதால் இதே பொறி காத்திருக்கிறது. எஸ்6 விநாடிக்கு ஒரு முறை என்ற கணக்கில் ஓயாமல் எழுப்பிக்கொண்டே இருக்கும். சேவை விழுந்ததும் ஓடும் முடிப்பு நிரல் 125 என்ற எண்ணைத் திருப்பித் தந்தால் ஓய்ந்துவிடும். மேற்சொன்ன செயலி எஸ்6-இல் நான்காம் விநாடி வாக்கில் தானே எழுந்து நின்றுவிடும், லாக் சற்றுப் பருத்திருக்கும்.

‘நான் தயார்’ என்று சேவை தன் மேலாளரிடம் சொல்லும் முறை சிறிய விஷயமாகத் தோன்றும். எஸ்6-இல் குறித்த கோப்பு விவரிப்பியில் (திறந்திருக்கும் குழாயைச் சுட்டும் எண்ணில்) ஒரு புதுவரிக் குறியை எழுதினால் போதும். டினிட்டும் ஏறக்குறைய அதே வகைக் குழாயை வைத்திருக்கிறது. சிஸ்டம்டியில் புரோசஸ்கள் பேசிக்கொள்ளும் முனையான ஒரு சாக்கெட்டுக்குச் சிறு செய்தி அனுப்ப வேண்டும். அதைச் சில வரிகளிலேயே எழுதிவிடலாம் என்றாலும், சில வினியோகங்கள் அதற்காகவே தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவையைச் சிஸ்டம்டியின் லிப்சிஸ்டம்டி நூலகத்தோடு இணைத்தன. அந்த நூலகம் எக்ஸ்இசட் சுருக்க நூலகத்தையும் கூடவே இழுத்து வந்தது. 2024 மார்ச்சில் அம்பலமான எக்ஸ்இசட் பின்கதவு நுழைந்த சந்து இதுதான். அதே ஆண்டின் ஓபன்எஸ்எஸ்எச் 9.8, அந்த அறிவிப்பை நூலகம் இல்லாமல் தானே அனுப்பத் தொடங்கியது.

சேவையின் பிள்ளைப் புரோசஸ்களைக் கட்டுப்படுத்துவதில் சிஸ்டம்டிக்கு இணையில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சேவையையும் தனிச் சிகுரூப்பில் (கர்னல் ஒன்றாகக் கையாளும் புரோசஸ் குழுவில்) வைப்பதால், நழுவி ஓடிய பேரப்பிள்ளை புரோசஸையும் அதனால் பிடித்து நிறுத்த முடிகிறது. டினிட் ஏற்கெனவே உள்ள சிகுரூப்பில் சேவையை ஓட்டும். அதைத் தானாக உருவாக்கித் தராது.

சோதனை முறைக்கு வருவோம். சிஸ்டம்டியின் சோதனைப் படை மிகப் பெரியது: அலகுச் சோதனைகள், மெய்நிகர் இயந்திரங்களைத் துவக்கிப் பார்க்கும் ஒருங்கிணைப்புச் சோதனைகள், நினைவகப் பிழை காணும் சானிடைசர்கள், கூகுளின் ஓஎஸ்எஸ்-ஃபஸ் வழியே ஓயாத குப்பை உள்ளீட்டுச் சோதனை. டினிட் சிறிய படையைக் கூர்மையாக வைத்திருக்கிறது. கர்னல் அழைப்புகளுக்குப் பதிலாகப் போலி அழைப்புகளை வைத்து, புரோசஸ் இன்ன நேரத்தில் இறந்தது என்பது போன்ற நிலைகளை அலகுச் சோதனையிலேயே நடித்துக் காட்டுகிறது. தனி ஒருங்கிணைப்புச் சோதனைகள் உண்மையான டினிட்டைச் சாதாரணப் பயனராகவே ஓட்டிப் பார்க்கின்றன. நினைவகம் கிடைக்காத நிலையிலும் எண் 1 சாகக்கூடாது என்பதை அது தொடக்கத்திலிருந்தே நோக்கமாக வைத்திருக்கிறது. எஸ்6 தன் வேலையைச் சிறு சிறு நிரல்களாகப் பிரித்து, எண் 1-இடம் மிகக் குறைவானதை மட்டும் ஒப்படைப்பதையே முதற்காப்பாகக் கொள்கிறது.

படை பெரியதாக இருந்தால் எல்லாம் பிடிபடும் என்றும் நம்பிவிட முடியாது. 2024 ஜூனில் வந்த 256-ஆம் பதிப்பில், தற்காலிகக் கோப்புகளைக் கவனிக்கும் கருவிக்குப் புதிதாக ஒரு ‘பர்ஜ்’ கட்டளை வந்தது. பெயரை நம்பி அதை ஓட்டினால் பயனர்களின் கோப்புகள் இருக்கும் வீட்டு அடைவும் அழியும் நிலை இருந்தது. ஏனெனில் அந்த அடைவை உருவாக்கும் விதியும் அதே தொகுப்பில்தான் இருந்தது. நிரல் எழுதப்பட்டபடியே சரியாக ஓடியது என்பதால் எந்தச் சோதனையும் சிவக்கவில்லை. 256.1 பதிப்பில், எந்த அமைப்புக் கோப்பு என்று குறிப்பிடாமல் அக்கட்டளை ஓடாதபடி மாற்றினார்கள்.

வரவிருக்கும் மாற்றங்களிலும் மூன்றும் மூன்று திசையில் நடக்கின்றன. சிஸ்டம்டி பழைய சுமைகளை இறக்கிவருகிறது: 258-ஆம் பதிப்பு சிகுரூப் 1 ஆதரவை முற்றிலும் நீக்கியது, சிஸ்டம்டிக்கு முந்தைய சிஸ்வி முறைத் துவக்க நிரல்களுக்கான ஆதரவு 260-இல் போய்விடும் என்று முன்பே அறிவிக்கப்பட்டது. டினிட் 1.0 என்ற எண்ணை அவசரமின்றி அணுகுகிறது. எஸ்6-ஆர்சிக்கு, கையால் தொகுக்கும் தொல்லையைக் குறைக்கும் எளிய முன்முகம் ஒன்று நெடுநாளாகத் திட்டத்தில் இருக்கிறது. அது கைகூடினால் எஸ்6-ஐப் பிறருக்குப் பரிந்துரைக்க எனக்கு இருக்கும் ஒரே தயக்கமும் நீங்கும்.

அதுவரை, சொந்த மடிக்கணினியிலும் சிறு சாதனங்களிலும் டினிட், கண்டெய்னருக்குள் எஸ்6, பலர் கைவைக்கும் அலுவலக சர்வரில் சிஸ்டம்டி என்பதே என் தேர்வு. அந்த சர்வரை 260-க்கு உயர்த்தும் முன், சிஸ்வி நிரல்கள் இருக்கும் இனிட்.டி அடைவைத் திறந்து, யாரோ எப்போதோ எழுதிவைத்த பழைய நிரல் ஏதேனும் இன்னும் அங்கிருந்து ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். இருந்தால், அதற்கு யூனிட் கோப்பு எழுத அரைமணி நேரம்கூட ஆகாது.