அலுமாரியில் இருந்த பெட்டிகள் மேசைக்கு வந்த விதம்: சில வருட அனுபவம்

எங்கள் வீட்டில் போர்டு கேம் பெட்டிகள் சேர்ந்தது வெளிநாட்டுச் சொந்தங்களால்தான். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் திருகோணமலைக்கு லீவில் வருபவர்கள் சொக்லேட்டோடு ஒரு பெட்டியும் கொண்டுவருவார்கள். அப்படி வந்தவைதான் கட்டான், கார்கசோன், பண்டமிக், அசூல் எல்லாம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது ஆசைதீர விளையாடினோம். கரண்ட் ஒழுங்காக வந்ததும் பெட்டிகள் அலுமாரிக்குள் போய்விட்டன. அவற்றை மறுபடி வெளியே எடுத்து, இன்றுவரை விடாமல் விளையாடுவதற்கு எது உதவியது என்பதைச் சொல்கிறேன்.

நேரமில்லை என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். நான் கவனித்த வரையில், விளையாடுகிற நேரம் யாருக்கும் பாரமில்லை. தொடங்குவதற்கு முன்னால் போகும் அரை மணிநேரம்தான் ஆளைச் சலிக்க வைக்கிறது. கட்டானையே பாருங்கள். 19 அறுகோணத் துண்டுகளை அடுக்கி, எண் வில்லைகளை வைத்து, ஒவ்வொருவருக்கும் 15 வீதி, 5 குடியிருப்பு, 4 நகரம் என்று எண்ணிக் கொடுப்பதற்குள் சின்னவன் போனை எடுத்துவிடுவான். இப்போது ஒவ்வொரு நிறமும் ஒரு ஜிப் வைத்த பொலித்தீன் பைக்குள் இருக்கிறது. பையைக் கையில் கொடுத்தால் சரி, அவரவர் தங்களுடையதைக் கொட்டிக்கொள்வார்கள். ஐந்து வகை வளக் காட்ஸும் ஐந்து ஐஸ்கிரீம் கப்பில் நிற்கும். மற்றவர்கள் முகம் கழுவித் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் பலகையை நான் அடுக்கிவிடுவேன். வந்து இருந்ததும் தாயக்கட்டையை உருட்டலாம். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்து பாருங்கள் என்று மனதாரச் சொல்வேன்.

அடுத்தது நாள். ஞாயிறு சரிவராது, பிள்ளைகளுக்கு ரியூசன். அதனால் பௌர்ணமி நாளான போயா தினத்தைப் பிடித்துக்கொண்டோம். மாதாமாதம் தவறாமல் வரும் அரச விடுமுறை, யாரும் தேதி பேசித் தீர்க்கத் தேவையில்லை. காலையில் அம்மா கோணேஸ்வரம் போய் வந்து, மத்தியானச் சாப்பாடும் முடிந்தால் பின்னேரம் எங்களுடையது. எந்தப் பெட்டி என்பதை முதல் நாளே சொல்லிவிடுவோம். அக்காவின் மகள், என் பெறாமகள், “சித்தி, இந்த முறையும் கட்டானா?” என்று கேட்பாள். ஆமாம், இந்த முறையும் கட்டான்தான். ஒரே விளையாட்டைச் சில மாதம் தொடர்ந்து விளையாடும்போதுதான் விதிப் புத்தகம் தேவைப்படாமல் போகிறது. அதற்குப் பிறகுதான் பேரம் பேசுவதில் சுவை வருகிறது. “ஒரு செம்மறி தாறன், ரெண்டு செங்கல் தா” என்று பேசிப் பேசியே பெறாமகள் வெல்லத் தேவையான 10 புள்ளிக்கு ஏறிவிடுவாள்.

எங்கள் ஊரில் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஜூன், ஜூலையில் கச்சான் காற்று அடிக்கும்போது ஃபான் இல்லாமல் வீட்டுக்குள் இருக்க முடியாது. ஃபானைப் போட்டால் காட்ஸ் பறக்கும். அந்த மாதங்களுக்கு அசூல்தான் பொருத்தம், அதில் கையாள்வது கனமான வில்லைகளை. மாரியில் வாடையோடு ஈரம் வரும், கடலுக்குக் கிட்ட இருப்பதால் உப்பும் சேரும், காட்ஸ் வளைந்து ஒன்றோடொன்று ஒட்டும். எல்லாக் காட்ஸுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு, பெட்டிகளை மூடி இறுகிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லோடு வைத்திருக்கிறேன். சிலிக்கா ஜெல்லை அவ்வப்போது மாற்ற வேண்டும், ஈரத்தைக் குடித்து நிறைந்த பொட்டலத்தால் பலனில்லை.

அசூலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அம்மாவை மேசைக்குக் கொண்டுவந்தது அதுதான். மிக்காயேல் கீஸ்லிங் உருவாக்கி 2017இல் வந்தது. அடுத்த வருடமே ஜெர்மனியில் ஆண்டின் சிறந்த விளையாட்டாகத் தேர்வானது. ஐந்து நிறம், நிறத்துக்கு 20, மொத்தம் 100 வில்லைகள். வில்லையில் ஓர் எழுத்தும் கிடையாது, எந்த மொழிக்காரரும் விளையாடலாம். அம்மா சின்ன வயதிலிருந்தே 304 என்ற காட்ஸ் விளையாட்டில் கெட்டி. எந்தக் காட்ஸ் போனது, எது யார் கையில் என்று பார்த்துப் பழகிய கண். அசூலிலும் எங்கள் பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். சுற்று முடியும் நேரம் நடுவில் ஒரே நிறத்தில் ஐந்தாறு வில்லைகளைச் சேரவிட்டு, அதை அடுத்தவர் தலையில் கட்டிவிடுவார். எடுத்ததை வைக்க இடமில்லாவிட்டால் புள்ளி குறையுமே! என் கணவர், இவர் இன்னும் அம்மாவை வெல்லவில்லை.

உலகெங்கும் பரவும் நோய்களை அடக்குகிற பண்டமிக்கில் எல்லோரும் ஒரே அணி, தோற்றாலும் கோபம் வராது. வரைபடத்தில் சென்னை இருப்பது பிள்ளைகளுக்குச் சந்தோஷம், எது போனாலும் அதைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று நிற்பார்கள். ஒரு குறை: கெட்டிக்காரர் ஒருவர் இருந்தால் எல்லோருக்கும் சேர்த்து அவரே விளையாடிவிடுவார். யாருடைய முறையோ அவர் முதலில் பேச வேண்டும், மற்றவர்கள் கேட்டால் மட்டும் சொல்லலாம் என்று வைத்த பிறகு நன்றாகப் போகிறது.

பரீட்சைக் காலத்தில் போயாவும் ரியூசனுக்குப் போய்விடும். அந்த மாதங்களில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் இவரும் மட்டும் கார்கசோன் விளையாடுவோம். 72 துண்டுகள், இரண்டு பேர் போதும், முக்கால் மணிநேரத்துக்குள் முடிந்துவிடும்.