தனியாவர்த்தனம் கிடைக்காத பாரிட்டோன்

அமெரிக்க ஜாஸ் இசைக்கலைஞர் ஆலிவர் நெல்சனின் ‘தி ப்ளூஸ் அண்ட் தி ஆப்ஸ்ட்ராக்ட் ட்ரூத்’ இசைத்தட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் எரிக் டால்ஃபியையும் ஃப்ரெடி ஹப்பர்டையும் (அதில் வாசித்தவர்கள்) புகழ்ந்துவிட்டு ஆளாளுக்கு எழுந்து போய்விடுகிறார்கள். எனக்கு அதில் எரிச்சல் உண்டு. வாசித்தவர்கள் ஏழு பேர். அவர்களில் ஜார்ஜ் பாரோ என்ற பாரிட்டோன் (தாழ்ந்த குரலில் ஒலிக்கும் பெரிய) சாக்ஸபோன்காரருக்கு ஓரிடத்திலும் தனி வாசிப்பு கிடையாது. ஆனால் அவரை எடுத்துவிட்டால் தட்டின் எடையில் பாதி போய்விடும் என்பது என் கட்சி.

1961 பிப்ரவரி 23 அன்று, நியூஜெர்சியின் இங்கிள்வுட் கிளிஃப்ஸில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோவில், ஒரே நாளில் முடித்த வேலை. பியானோவில் பில் எவன்ஸ், பாஸில் பால் சேம்பர்ஸ். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மைல்ஸ் டேவிஸின் புகழ்பெற்ற ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ தட்டில் வாசித்தவர்கள். டிரம்ஸில் ராய் ஹேன்ஸ். தயாரிப்பு கிரீட் டெய்லர். இத்தனை பெரிய கைகளைக் கூட்டிவைத்தால் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். இங்கே அது நடக்கவில்லை. காரணம் நெல்சனின் பேனா.

‘ஸ்டோலன் மொமென்ட்ஸ்’ ஒன்றுக்காகவே தட்டை வாங்கலாம். கிட்டத்தட்ட ஒன்பது நிமிடம். பல்லவி 16 பார் (தாள அளவு). அது முடிந்து தனி வாசிப்பு தொடங்கியதும் சுற்று 12 பாராகிவிடுகிறது, அதாவது ப்ளூஸ் என்ற கறுப்பின அமெரிக்கர் பாட்டுமுறையின் வழக்கமான மைனர் (சோகச் சாயல்) ஆவர்த்தனம். விரல்விட்டுத் தாளம் போட்டால்தான் இந்த மாற்றம் பிடிபடும். சும்மா கேட்பவருக்கு உறுத்தவே உறுத்தாது. பல்லவியின் நடுப்பகுதியைக் கவனியுங்கள். ஊதுகருவிகள் எல்லாம் நெருங்கி நின்று ஒரே மூச்சில் அரைச்சுரம் அரைச்சுரமாக ஏறி, அப்படியே இறங்குகின்றன. அந்த நெரிசலுக்குள்ளே கறுப்பு வெல்லப்பாகு போல ஒரு கனம் ஓடுகிறதே, அதுதான் பாரோ. கைப்பேசியின் குட்டி ஸ்பீக்கரில் இது காதில் விழாது. நல்ல ஹெட்ஃபோன் வேண்டும்.

பிறகு ஹப்பர்ட். வயது 22. ட்ரம்பெட்டில் இடம்விட்டு இடம்விட்டு வாசிக்கிறார்; அந்த வயதில் அவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்ததோ! அடுத்து டால்ஃபியின் புல்லாங்குழல், பறவை வழிதவறி அறைக்குள் வந்த பதற்றத்தோடு. மூன்றாவதாகத்தான் நெல்சன் டெனர் சாக்ஸபோனை எடுக்கிறார். தலைவர் மூன்றாவதாக வருவதே எனக்குப் பிடித்திருக்கிறது. பாடப்புத்தகப் பயிற்சி போல வாசிக்கிறார் என்று அவரைக் குறைசொல்பவர்கள் உண்டு. அடுக்கடுக்காகச் சுரங்களை ஏற்றுகிறார் என்பது உண்மை. டால்ஃபி கலைத்துப்போட்ட அறையை யாராவது ஒழுங்குபடுத்தத்தானே வேண்டும்? அந்த இடத்தில் அந்த நேர்கோடு அவ்வளவு நிம்மதியாக இருக்கிறது.

அடுத்து வரும் ‘ஹோ-டவுன்’ எனக்கு ஒட்டவில்லை. நாட்டுப்புற ஆட்டத்துக்கான துள்ளல் மெட்டு. முதல் பாடலின் மயக்கத்திலிருந்து தோளைப் பிடித்து உலுக்குகிறது. டால்ஃபி வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். ‘கேஸ்கேட்ஸ்’ நெல்சன் மாணவராக இருந்தபோது சாக்ஸபோனுக்கு எழுதிய பயிற்சியிலிருந்து பிறந்தது. அருவி கொட்டுகிற வேகம். ‘யெர்னின்’ பியானோவில் தொடங்குகிறது. எவன்ஸுக்கு ப்ளூஸ் வராது என்று யாராவது சொன்னால் இதைப் போட்டுக் காட்டுங்கள். ‘பட்ச் அண்ட் பட்ச்’ குறையில்லை, அவ்வளவுதான். கடைசியாக ‘டீனீஸ் ப்ளூஸ்’: நெல்சனும் டால்ஃபியும் ஆல்டோ சாக்ஸபோனிலேயே மோதுகிறார்கள். கருவி ஒன்றுதான், பேச்சு இரண்டு. ஒருவர் வாக்கியத்தை முடிக்கிறார், மற்றவர் உடைக்கிறார்.

மொத்தமே 37 நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. காசுக்கு இவ்வளவுதானா என்று கேட்பவர்களுக்கு இது சரிப்படாது. ஜாஸ் இதுவரை கேட்டிராதவர்கள் தயங்காமல் இதிலிருந்து தொடங்கலாம். ஆறும் ப்ளூஸ் அல்லது ‘ஐ காட் ரிதம்’ என்ற பிரபலமான பழைய பாடலின் கட்டமைப்பில் அமைந்தவை என்பதால் எங்கே இருக்கிறோம் என்று தொலைந்துபோக மாட்டீர்கள்.

வாங்கும்போது பெயரின் முன்னால் ‘மோர்’ (More) என்ற ஆங்கிலச் சொல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது 1964இல் பதிவான வேறு தட்டு. இசைக்கோர்ப்பை நெல்சன் கவனித்துக்கொண்டார், ஆனால் சாக்ஸபோனைத் தொடவில்லை. டால்ஃபியும் அதில் இல்லை.