ஆர்வெல்லா, எ நார்மல் லாஸ்ட் ஃபோனா?

ரெண்டுமே அடுத்தவங்க அந்தரங்கத்த நோண்டுற கேம்தான், ஆனா நோண்டுற விதம் வேற. ஆர்வெல் 2016ல ஜெர்மனிக்காரங்க ஆஸ்மாட்டிக் ஸ்டுடியோஸ் விட்டது, அதுல நீங்க அரசாங்கத்துக்கு வேவு பாக்குற ஆளு, சாட், மெயில்னு எல்லாத்தையும் படிச்சு எது முக்கியம்னு படுதோ அந்த வரிய மட்டும் இழுத்து நீங்க வேவு பாக்குறவங்களோட ப்ரொஃபைல்ல போடணும், போட்டா திரும்ப எடுக்க முடியாது, யாரோ சும்மா விளையாட்டுக்கு சொன்னதக்கூட மேலிடம் அப்படியே நெசம்னு எடுத்துக்கும், அங்கதான் எனக்கு வயித்தக் கலக்கிருச்சு.

எ நார்மல் லாஸ்ட் ஃபோன் 2017ல வந்தது, ஃபிரான்ஸ் கேம், சின்னது. சாம்னு 18 வயசுப் புள்ளையோட தொலைஞ்ச ஃபோன் உங்க கையில, மெசேஜ்ல சிதறிக் கிடக்குறத வச்சே பாஸ்வேர்டெல்லாம் கண்டுபிடிக்கணும். புதிர்னு பாத்தா இதுதான் மேல், ஏன்னா பொறந்தநாள பாஸ்வேர்டா வச்சிருக்கவங்க நம்ம வீட்லயே இருக்காங்களே! கதையும் மனச ரொம்பத் தொடும், ஆனா பயம் ஒரு ஃபோனோட நின்னுருது.

ஒண்ணுதான் விளையாட முடியும்னா ஆர்வெல் எடுங்க, "நான் எதையும் மறைக்கல, டேட்டா போனா என்ன"ன்னு கேக்குற ஃப்ரெண்டையும் பக்கத்துல உக்கார வைங்க.