போனஸுக்கு முன்னமா, கைக்கு வந்த பிறகா?

கிளிநொச்சியில் வேலை, மாத நோட்டீஸ், டிசம்பர் இறுதியில் ஒரு மாதச் சம்பளம் போனஸ். வவுனியாவில் புது வேலை கிடைத்துவிட்டது. விலகல் கடிதத்தை எப்போது கொடுப்பது?

டிசம்பர் தொடக்கத்திலேயே கொடுத்தால் புது இடத்துக்கு ஜனவரியிலேயே போகலாம். ஆனால் நியமனக் கடிதத்தை எடுத்து வாசியுங்கள். "கொடுப்பனவுத் திகதியில் சேவையில் இருக்க வேண்டும்" என்று மட்டும் இருந்தால் நோட்டீஸ் காலத்திலும் கேட்கலாம். "விலகல் அறிவித்தல் கொடுத்தவருக்கு இல்லை" என்றிருந்தால் போனஸ் போய்விடும். முகாமையாளரின் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்.

காசு வங்கிக் கணக்கில் விழுந்தபின் கொடுத்தால் போனஸ் பத்திரம். புது இடம்தான் பெப்ரவரி வரை பொறுக்க வேண்டும். அந்தத் திகதியை எழுத்தில் வாங்குங்கள். பெற்ற போனஸைத் திருப்பித் தரும் நிபந்தனை உண்டா என்றும் பாருங்கள்.

பலர் தவறவிடுவது பணிக்கொடை, அதாவது விலகும்போது சேவைக்காலத்துக்காக நிறுவனம் தரும் பணம். 15 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் 5 வருடம் முடித்தால், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரைமாதச் சம்பளம். சம்பளம் 60,000 ரூபா என்றால் 5 வருடத்துக்கு 150,000, போனஸோ 60,000தான். 2021 ஜனவரி 10இல் சேர்ந்தவர் 2025 டிசம்பர் 5இல் கடிதம் கொடுத்தால் ஜனவரி 4இல் சேவை முடியும். ஐந்து நாளில் அத்தனையும் போகும்! அவருக்குப் பிந்திக் கொடுப்பதே சரி.

சேமலாப நிதிக்கு இரண்டு வழியிலும் பாதிப்பில்லை.