"முழுக்க பிளைவுட்" என்று சொன்னால் டிராயரைக் கழற்றிப் பாருங்கள் (மும்பை)

செம்பூர், சயான் பக்கம் ஃபர்னிச்சர் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். குர்லாவில் ஒரு கடையில் ஐந்து டிராயர் வைத்த அலமாரி 26,000 ரூபாய்க்கு வாங்கினோம். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடைப் பெயர் போடவில்லை. "முழுக்க பிளைவுட், பத்து வருஷ வாரன்டி" என்று சொல்லி, வெட்டிய பிளைவுட் துண்டு ஒன்றைக் கையிலும் கொடுத்தார்கள்.

முதல் மழைக்காலம்கூடத் தாண்டவில்லை. அம்மா கீழ் டிராயரை இழுத்தார். கைப்பிடியோடு முன்பலகை மட்டும் வந்தது, பெட்டி உள்ளேயே நின்றுவிட்டது. அடியில் பலகை தொங்குகிறது. உள்ளே இருந்தவை புடவையும் போர்வையும்தான், அம்மிக்கல் இல்லை. கடைக்குப் போன் செய்தால், "ஓவர்லோடு ஆயிருக்கும் சார், வாரன்டி சேனலுக்கு (டிராயர் ஓடுகிற இரும்புத் தண்டவாளம்) மட்டும்தான்." அந்த அலமாரியில் உருப்படியாக இருந்ததே சேனல்தான்!

தாராவியிலிருந்து தெரிந்த ஆசாரி அண்ணன் வந்து பிரித்துப் போட்டார். முன்பலகை நிஜமாகவே 18 மி.மீ. பிளைவுட். பக்கப் பலகைகளும் பின்பலகையும் பார்ட்டிகிள் போர்டு. மேலே மைக்கா ஒட்டி, தெரிகிற ஓரத்துக்கெல்லாம் பட்டை போட்டிருந்தார்கள். கீழ் ஓரத்தில் மட்டும் போடவில்லை. அங்கே போர்டு உப்பி, பக்கத்துப் பலகையைவிடத் தடித்திருந்தது. ஸ்குரூ ஓட்டையில் அண்ணன் விரலை விட்டுத் திருப்பினார், தவிடு மாதிரி கொட்டியது. மரத்தூளும் சில்லும் பசையில் அழுத்திச் செய்கிற போர்டு அது. ஓரத்தில் ஏற்றும் ஸ்குரூவுக்குப் பிடிமானம் குறைவு. ஒரு முறை ஆடிவிட்டால் திரும்ப முறுக்கினாலும் நிற்காது. ஈரத்தில் உப்பினால் காய்ந்த பிறகும் பழைய அளவுக்கு வராது. மும்பை மழைக்கு எப்படித் தாங்கும்?

அடிப்பலகைதான் உச்சம். 3 மி.மீ. ஹார்டுபோர்டைக் கீழேயிருந்து ஸ்டேப்ளர் பின் அடித்து ஒட்டியிருந்தார்கள். சாமான் எடை முழுவதையும் அந்தப் பின்கள்தான் தாங்க வேண்டும். முறையாகச் செய்தால் பக்கப் பலகைகளின் உள்பக்கம், கீழ் ஓரத்துக்குக் கொஞ்சம் மேலே காடி (நீளப் பள்ளம்) எடுத்து, 6 மி.மீ. பிளைவுட்டை அதில் செருகுவார்கள். அகலமான டிராயர் என்றால் நடுவில் அடியில் ஒரு சட்டமும் கொடுப்பார்கள்.

இன்னொன்று, அழகு முன்பலகையையே பெட்டியின் முன்பக்கமாக வைத்து இரண்டு ஸ்குரூவில் நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு இழுப்பும் அந்த இரண்டு ஸ்குரூ மேல்தான். நாலு பக்கமும் மூடிய பெட்டியைத் தனியாகச் செய்து, முன்பலகையை உள்ளேயிருந்து முடுக்குவதுதான் நல்ல வேலை. மரத்தில் டவ்டெயில் (புறா வால் வடிவப் பற்கள்) வெட்டிக் கோத்தால் இன்னும் நல்லது, இழுக்கிற திசையில் கழலாது. கடையில் கிடைக்கும் டெலஸ்கோபிக் சேனல் ஜோடிக்கு 35 முதல் 45 கிலோ வரை தாங்கும் என்று போட்டிருப்பார்கள். அதைப் பிடித்திருக்கும் பலகை உதிர்ந்தால் அந்தக் கணக்கு எதற்கு ஆகும்?

முன்பலகைகளையும் சேனலையும் வைத்துக்கொண்டு, 12 மி.மீ. பிளைவுட்டில் ஐந்து பெட்டியும் புதிதாக அண்ணன் செய்து தந்தார். சாமானும் கூலியும் சேர்த்து இன்னொரு 9,000 ரூபாய்.

வாங்குகிறவர்கள் கடையிலேயே கீழ் டிராயரைக் கழற்றச் சொல்லுங்கள். சேனலில் இரண்டு பக்கமும் இருக்கிற கறுப்பு நெம்பை ஒன்றை மேலே, ஒன்றைக் கீழே தள்ளினால் வந்துவிடும். கவிழ்த்துப் பாருங்கள், ஸ்டேப்ளர் பின் வரிசை தெரிந்தால் நடையைக் கட்டுங்கள். கையில் கொடுக்கிற சாம்பிள் துண்டை நம்பவே வேண்டாம். பில்லில் "டிராயர் பக்கம், அடி இரண்டும் பிளைவுட், ஐ.எஸ். 303, பி.டபிள்யூ.ஆர்." என்று எழுதி வாங்குங்கள் (ஐ.எஸ். 303 பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண், பி.டபிள்யூ.ஆர். கொதிநீரைத் தாங்கும் ரகம்). எங்கள் பில்லில் "ஸ்டோரேஜ் யூனிட் 1" என்று மட்டும் இருக்கிறது, அதுதான் இப்போது இழுபறி.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்த பிறகு, இரண்டு டிராயர் மாற்றித் தருகிறோம் என்று கடையிலிருந்து அழைத்தார்கள். எந்தப் பலகையில் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன், பதில் இல்லை. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கழற்றிய பழைய பலகைகளைத் தூக்கிப் போடாமல் பால்கனியில் கட்டி வைத்திருக்கிறேன்.