பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தை: வீட்டுக்கு பர்னிச்சரும் லைட்டும் வாங்க நினைக்கிறவங்களுக்கு

சென்னைல புதுசா குடிபோறவங்க நிறைய பேர் நேரா ஷோரூமுக்கு போய்டுறாங்க, இல்லன்னா போன்ல ஆப்பைத் திறந்து ஒரே மாதிரி இருக்கிற டிவி யூனிட், ஒரே மாதிரி இருக்கிற சாம்பல் கலர் சோபான்னு ஆர்டர் போட்டுடுறாங்க. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்கு போய்ட்டு வாங்கன்னுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்றேன். வாடகை வீட்டுல இருக்கிறவங்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏன்னா நம்மால சுவத்துல ட்ரில் போட முடியாது, ஃபால்ஸ் சீலிங் போட முடியாது, ஓனர் ஒத்துக்க மாட்டாரு, அதனால வீட்டோட அழகு மொத்தமும் நாம தூக்கிட்டு வந்து வைக்கிற சாமான்லயும் நாம மாத்திக்கிற பல்புலயும்தான் இருக்கு. அந்த ரெண்டுக்குமே இந்த சந்தையை மிஞ்சின இடம் சென்னைல நான் பாக்கல.

தெரியாதவங்களுக்கு: பல்லாவரம் ரயில்வே ஸ்டேஷன்ல இறங்கினா கிட்டதான், பழைய டிரங்க் ரோடு நெடுக வெள்ளிக்கிழமை மட்டும் நடக்கும். காய்கறி, செடி, கருவாடு, கோழி, புறா, பழைய செருப்பு, சார்ஜர், ஸ்பேனர் செட்டுன்னு எல்லாம் கலந்து கிடக்கும். நடுநடுவுல பழைய மரச்சாமான், பித்தளை, பீங்கான், கண்ணாடி. முதல் தடவை போறவங்க செடிக்கடையிலயே மயங்கி நின்னுடுவாங்க, பரவால்ல, செடியும் வீட்டுக்கு நல்லதுதான், ஆனா மரம் வேணும்னா காலைலயே அந்த வரிசைக்கு போய்டுங்க. நல்ல பீஸ் எல்லாத்தையும் கடைக்காரங்களே சீக்கிரம் வந்து அள்ளிட்டுப் போய் பாலிஷ் போட்டு வேற இடத்துல பல மடங்குக்கு விக்கிறாங்க.

பழைய மரத்துக்கு ஏன் இவ்ளோ அலையணும்னு கேப்பீங்க. எங்க சித்தி வீடு முடிச்சூர்ல. 2015 டிசம்பர் வெள்ளத்துல தரைத்தளம் முழுக்க தண்ணி. வடிஞ்சப்புறம் நாங்க எல்லாம் போய் சுத்தம் பண்ணோம், கடையில புதுசா வாங்கின ஷூ ரேக், டிவி யூனிட், ரெண்டு அலமாரி எல்லாம் ரஸ்க் மாதிரி ஊதி உதிர்ந்து கிடந்துச்சு, கையால பிச்சு சாக்குல போட்டு வெளில எறிஞ்சோம். அதே ரூம்ல தாத்தாவோட தேக்குக் கட்டில் அப்படியே நின்னுச்சு, மேல பாலிஷ் மட்டும் வெள்ளை வெள்ளையா பூத்துப் போச்சு. காரணம் ரொம்ப சிம்பிள். அந்த டிவி யூனிட் பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளையும் சில்லையும் பசை போட்டு அழுத்தின பலகை, மேல ஒரு பிளாஸ்டிக் தோல். ஓரத்துல தண்ணி ஏறிட்டா திரும்ப பழைய நிலைக்கு வராது. தேக்குல இயற்கையாவே எண்ணெய் இருக்கு, தண்ணியும் கரையானும் லேசுல ஏறாது. பாலிஷ் வெளுத்தது அரக்குல போடுற பழைய பிரெஞ்ச் பாலிஷ்ங்கிறதால, அதை தேய்ச்சு எடுத்து மறுபடி போட்டா சரியாய்டும், சித்தி அப்படித்தான் பண்ணாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் தரைத்தளத்துல இருந்தவங்க எத்தனை பேர் இந்தப் பலகையை ரோட்டோரம் குவிச்சாங்கன்னு பாத்திருப்பீங்க. இந்த ஊர்ல தண்ணி வரும். அதை மனசுல வச்சுதான் பர்னிச்சர் வாங்கணும்.

புதுசாதான் செய்வேன்னு இருக்கிறவங்க பிளைவுட்ல ஐஎஸ் 710 முத்திரை இருக்கிறதா கேளுங்க, அது மரைன் பிளை, அதாவது தண்ணி தாங்குற பிளைவுட், ஐஎஸ் 303 அதுக்கு கீழ. கிச்சன், பாத்ரூம் பக்கம் 710 இல்லாம செய்யவே செய்யாதீங்க.

சரி சந்தைக்கு வரேன். போறப்ப ஒரு சின்ன டார்ச்சும் ஒரு காந்தமும் எடுத்துட்டுப் போங்க. அங்க எல்லா மரமும் பர்மா தேக்குதான், விக்கிறவர் வாயில. "சார், இது செட்டிநாட்டு வீடு இடிச்சப்ப வந்தது சார், சுத்தமான பர்மா"ன்னு ஒரு அண்ணன் ஒரு முக்காலியைக் காட்டி 4000 சொன்னாரு. திருப்பிப் போட்டுப் பாத்தேன். மேல்பலகைல ஓடுற ரேகை ஓரத்துல வந்ததும் சட்டுன்னு நின்னு போச்சு, ஓரத்துல அடுக்கடுக்கா கோடு. பிளைவுட்டு மேல மெல்லிசா தேக்குத் தோல் ஒட்டினது. உண்மையான பலகைன்னா மேல இருக்கிற ரேகை ஓரத்துலயும் தொடர்ந்து இறங்கி வரும். "அண்ணே, இது பிளை"ன்னு மெதுவா சொன்னதும் அவரும் சண்டை போடல, சிரிச்சுட்டு "உனக்கு தெரியும்னா அந்தப் பக்கம் வா தம்பி"ன்னு தார்பாய்க்கு கீழ இருந்து ஒரு ஈசி சேர் எடுத்துக் காட்டினாரு. அது நிஜமான பழைய சாமான். ஆணியே இல்ல, மரத்துக்குள்ள மரத்தைச் செருகி முளை அடிச்ச ஜாயின்ட்டு, கைவைக்கிற இடம் எத்தனையோ வருஷம் கை பட்டு வழவழன்னு இருந்துச்சு, துணிதான் கிழிஞ்சிருந்துச்சு. 3500ல ஆரம்பிச்சு 2200க்கு முடிஞ்சுது. கான்வாஸ் துணி எழும்பூர் பாந்தியன் ரோட்டுல மியூசியம் எதிர்ல துணிக்கடை வரிசை இருக்கே, அங்க மீட்டர் கணக்குல வாங்கி ரெண்டு பக்கமும் மடிச்சுத் தைச்சு கழியை செருகினேன், இப்போ வீட்டுல எல்லாரும் அந்த சேருக்குத்தான் அடிச்சுக்கிறாங்க.

டார்ச் எதுக்குன்னா ஓட்டைக்கு. மரத்துல குண்டூசி தலை அளவுக்கு உருண்டையா ஓட்டை இருந்து, தட்டினா மாவு மாதிரி கொட்டுச்சுன்னா உள்ள வண்டு இன்னும் உயிரோட இருக்குன்னு அர்த்தம், வீட்டுக்கு கொண்டு வந்தா மத்த மரத்துக்கும் பரவும். ஓட்டை இருக்கு ஆனா தூள் இல்ல, உள்ள கறுத்துப் போயிருக்குன்னா அது பெரும்பாலும் பழைய கதை, ஓட்டைக்குள்ள சிரிஞ்ச்ல மருந்து ஏத்தி மெழுகு வச்சு அடைச்சா போதும். கால் நாலையும் நகத்தால அழுத்திப் பாருங்க, கீழ்நுனிதான் முதல்ல உளுக்கும். காந்தம் பித்தளைக்கு. பித்தளைல காந்தம் ஒட்டாது, ஒட்டுச்சுன்னா இரும்பு மேல முலாம், அவ்ளோதான்.

இதுவரை அந்த சந்தைல இருந்து வந்ததுல எனக்கு ரொம்ப ரொம்ப பிடிச்சது தையல் மெஷினோட இரும்புக் கால். மெதி கட்டையோட முழுசா கிடைக்கும், பூ வேலை பண்ண வார்ப்பு இரும்பு, கனம் பயங்கரம். கம்பி பிரஷ் போட்டு துருவைத் தேய்ச்சு, ரெட் ஆக்ஸைடு ஒரு கோட்டு, மேல கறுப்பு எனாமல் ரெண்டு கோட்டு. நம்ம ஊர் கடல் காத்துக்கு ரெட் ஆக்ஸைடு போடாம நேரா பெயின்ட் அடிச்சா அடுத்த மழைக்குள்ள துரு மேல வந்துடும். மேல்பலகைக்கு கிரானைட் கடைல கட் பீஸ் கேளுங்க, வேலை முடிஞ்சு மிஞ்சினதை கம்மி விலைக்கே குடுப்பாங்க, நான் கடப்பா கல் ஒரு துண்டு ஓரம் உருட்டி வாங்கி வச்சேன். காபி டம்ளர் சூடா வச்சாலும் வட்டம் விழாது, ஈரத்துணியால துடைச்சா முடிஞ்சுது. என் பொண்ணு அதுலதான் படிக்கிறா, காலால அந்த மெதியை ஆட்டிக்கிட்டே.

ட்ரங்குப் பெட்டியும் எடுங்க. தகரம்தானேன்னு விட்டுடாதீங்க, ரெண்டு பெட்டி ஒண்ணு மேல ஒண்ணு வச்சா சோபா பக்கத்துல சைடு டேபிள், உள்ள குளிரே வராத ஊர்ல நாம வச்சிருக்கிற கம்பளி, கொலு பொம்மை எல்லாம் போய்டும். கொலு முடிஞ்சதும் பொம்மைய எங்க வைக்கிறதுன்னு எங்க வீட்டுல வருஷா வருஷம் நடந்த பிரச்சனை அதோட தீந்துது.

இப்போ லைட்டு. இதைப் பத்தி நம்ம ஊர்ல யாரும் யோசிக்கிறதே இல்லன்னு எனக்கு உண்மையாவே ஆதங்கம். லட்சக்கணக்குல செலவு பண்ணி மரவேலை செய்வாங்க, ஹால்ல ஒரே ஒரு பளீர் வெள்ளை டியூப்லைட்டை மாட்டுவாங்க. அந்த வெள்ளை 6500 கெல்வின் (வெளிச்சத்தோட நிறத்துக்கு அளவு, நம்பர் குறைஞ்சா மஞ்சள், கூடினா நீலம்), மத்தியான வானத்தோட நீலம் கலந்த வெளிச்சம், அதுக்கு கீழ தேக்கு கூட சாம்பல் பூத்த மாதிரிதான் தெரியும், சாப்பாடு ஆறிப்போன மாதிரி தெரியும். 2700 இல்ல 3000 கெல்வின் போட்டு அதே மரத்தைப் பாருங்க, சிவப்பும் தேன் கலரும் உள்ள இருந்து எழும்பி வரும். பல்பு டப்பா மேலயே கெல்வின் போட்டிருக்கும், சிஆர்ஐன்னு இன்னொரு நம்பரும் சிலதுல போட்டிருக்கும், அது 90 பக்கம் இருந்தா புடவைக் கலர் முதக்கொண்டு சரியா தெரியும், 80க்கு கீழ வாங்காதீங்க. கிச்சன்லயும் படிக்கிற மேஜைலயும் 4000 கெல்வின் வையுங்க. எங்க அம்மா முதல்ல "என்னடா வீடு சாவடி மாதிரி மங்கலா இருக்கு"ன்னாங்க, அவங்க சொன்னதுலயும் நியாயம் இருக்கு, வயசானவங்க கண்ணுக்கு வெளிச்சம் கூடுதலா வேணும். அதுக்கு பழைய டியூப்லைட்டை திரும்ப மாட்ட வேண்டியதில்ல, மஞ்சள் வெளிச்சத்தையே மூணு உயரத்துல வச்சா போதும், தரைகிட்ட ஒண்ணு, உக்காந்தா தோள் உயரத்துல ஒண்ணு, மேல ஒண்ணு. இப்போ அம்மா சாயங்காலம் விளக்கேத்தினதும் அவங்களே போய் அந்த மூலை லைட்டைப் போடுறாங்க.

இந்த லைட்டுக்கு உடம்பு எல்லாம் சந்தைலதான். அரிக்கேன் லாந்தர் கண்ணாடியோட 400, 500 சொல்வாங்க. மண்ணெண்ணெய் டப்பாவை நல்லா கழுவி, நாத்தம் போக வெயில்ல காயவச்சு, எலக்ட்ரீஷியன்கிட்ட குடுத்தா ஹோல்டர் வச்சு ஒயர் இழுத்துக் குடுப்பார். ஊறுகாய் ஜாடி, அந்த மேல பழுப்பு கீழ வெள்ளை பீங்கான், அதை ஓட்டை போடவே வேணாம், வாயில மரக்கட்டை ஒண்ணு கச்சிதமா செதுக்கி சொருகி அதுல ஹோல்டரை முறுக்கினா டேபிள் லேம்ப். மேல கூடுக்கு நான் கிழிஞ்ச கோரைப்பாயோட நல்ல பகுதியை வெட்டி கம்பி வளையத்துல சுத்திக் கட்டினேன், பாய்க்கு நடுவுல வெளிச்சம் கோடு கோடா சுவத்துல விழுறது அவ்ளோ அழகு. ஆனா எல்இடி பல்பு மட்டும்தான் போடணும், அதுவும் பாய்ல தொடாம இடைவெளி விட்டு. பழைய குண்டு பல்பு போட்டா சூட்டுல பாய் கருகும்.

இதுல ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். பழைய பித்தளை தொங்குவிளக்கு, பழைய டேபிள் லேம்ப் வாங்கினா அதுல இருக்கிற ஒயரை பிளக்குல சொருகிப் பாக்கவே பாக்காதீங்க. அந்தக் காலத்து ரப்பர் ஒயர் உள்ள காஞ்சு வெடிச்சிருக்கும், உலோக உடம்புல 230 வோல்ட் பாயும். மொத்தமா உருவிட்டு மூணு கம்பி ஒயர் புதுசா போட்டு, எர்த்தை உலோகத்தோட சேத்து இறுக்கணும். மூடின கண்ணாடி டோமுக்குள்ள பெரிய வாட் எல்இடி போடாதீங்க, சூடு வெளிய போக வழியில்லாம பல்பு சீக்கிரம் போய்டும், 5 வாட்டே நிறைய.

வாங்கவே கூடாததும் இருக்கு. பழைய சோபா, மெத்தை, தலையணை பக்கமே போகாதீங்க, மூட்டைப்பூச்சி ஒரு தடவை வீட்டுக்குள்ள வந்துட்டா வெளிய அனுப்புறது பெரும்பாடு. பிரம்பு சேர் வாங்கலாம், ஆனா பின்னல் இடுக்கு எல்லாம் டார்ச் அடிச்சுப் பாத்து, மொட்டை மாடில வச்சு கொதிக்கிற தண்ணி ஊத்தி காயவச்சப்புறம்தான் உள்ள. பின்னல் கிழிஞ்சிருந்தா பயப்படாதீங்க, பிரம்பு பின்றவங்க இன்னும் இருக்காங்க, பார்வையில்லாதவங்க நிறைய பேர் இந்தத் தொழில்ல இருக்காங்க, விரலாலேயே பின்னலோட ஓட்டையை எண்ணி பின்னுவாங்க, அந்த வேலைக்கு பேரம் பேசாதீங்க.

குறைன்னு பாத்தா வெள்ளிக்கிழமை மட்டும்ங்கிறது வேலைக்குப் போறவங்களுக்கு கஷ்டம், வெயில் ஏறினா நிழல் கிடையாது, கூட்டத்துல பாக்கெட் பத்திரம், ரிட்டர்ன் வாரன்டி எதுவும் இல்ல. ஒரு கடைல பழைய பெல்ஜியம் கண்ணாடின்னு சொல்லி எனக்கு ஒண்ணு வித்தாங்க, வீட்டுக்கு வந்து பின்னாடி அட்டையைப் பிரிச்சா புதுக் கண்ணாடி, சட்டம் மட்டும் பழசு. அடுத்த வாரம் போனா அந்த ஆளே அங்க இல்ல. அதனால கண்ணாடி வாங்கினா பின்னட்டையை அங்கயே கழட்டிக் காட்டச் சொல்லுங்க.

பேரத்துக்கு காலைல போணி நேரம்தான் நல்லது, முதல் வியாபாரத்தை விட மனசு வராது, பாத்து போட்டுக் குடுப்பாங்க. ஜிபே நிறைய பேர்கிட்ட இருக்கு, ஆனா கைல நோட்டைக் காட்டிப் பேசினா இன்னும் கொஞ்சம் குறையும். பெரிய சாமானுக்கு குட்டியானை அங்கயே ஜிஎஸ்டி ரோட்டு (கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு) பக்கம் நிக்கும், சாமான் விலை பேசுறதுக்கு முன்னாடியே வண்டி வாடகையைக் கேட்டுக்கோங்க, மாடி ஏத்துற கூலி அதுல சேத்தியா தனியான்னும் சேத்து கேளுங்க. ஐப்பசி, கார்த்திகைல மழை புடிச்சுக்கிச்சுன்னா கடை பாதி வராது, வந்த மரமும் நனைஞ்சு கனம் கூடி இருக்கும், ஓட்டையும் தெரியாது. நான் தை பொறந்ததும் போறேன், இந்த தடவை ஒரு ஊஞ்சல் பலகை தேடுறேன், சங்கிலியோட கிடைச்சா இன்னும் நல்லது.