கல்லறைக் கல் வெட்டும் கடை: ஐந்துக்கு மூன்றரை

அம்மாவின் கல்லறைக்குப் பலகை செய்ய, வேலூரிலிருந்து காட்பாடி போகும் வழியில் ஒரு கடையைப் பிடித்தோம். கருங்கல், இரண்டடிக்கு ஒன்றரை அடி, எழுத்து வெட்டி 6,500 ரூபாய். விலை பரவாயில்லை.

கூட வந்த மாமா கருப்புச் சட்டைக்காரர். "பேரும் தேதியும் போதும்டா. மூளை நின்னா எல்லாம் நின்னுது" என்றார். நான் யோவான் 11:25, உயிர்த்தெழுதல் வசனம், வேண்டும் என்றேன். பக்கத்தில் நின்ற கத்தோலிக்க அக்காவுக்கோ நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்குள் பலகை வேண்டும். உத்தரிக்கிற ஸ்தலத்தில், அதாவது மோட்சம் போகுமுன் பாவக்கறை நீங்கும் இடத்தில், இருக்கும் ஆன்மாக்களுக்காக அவர்கள் ஜெபிக்கும் நாள் அது. எங்கள் சி.எஸ்.ஐ. புராட்டஸ்டன்ட் சபையில் அப்படி ஓர் இடத்தைப் பற்றிப் பேச்சே கிடையாது. "உங்களுக்குள்ளயே ஒத்துப் போகலையே" என்று மாமா சிரித்தார். இயேசு காலத்துச் சதுசேயர் என்ற யூதப் பிரிவினரே உயிர்த்தெழுதல் இல்லை என்றவர்கள்தான். மாமா புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

கடைக்காரர் எதிலும் தலையிடவில்லை. "எழுத்துக்கு எவ்வளவுன்னுதான் எனக்குத் தெரியும் சார்."

வெட்டு நல்ல ஆழம், பாலிஷும் சுத்தம். ஆனால் 'உயிர்த்தெழுதல்' என்பதில் ஒரு 'த்' காணோம். மாற்றிக் கொடுக்க ஒன்பது நாள் இழுத்தார்கள். அந்தப் பிழையை முதலில் பார்த்துச் சண்டைக்குப் போனவர் மாமாதான்.